எண்பதாவது எழுத்துக்கு அப்பால்

லாலாகுடா
11 ஜனவரி 2025

சம்பந்தம்,

நலமா என்று உன்னைக் கேட்க மனம் வரவில்லை. விஜி நலமா? என் அன்பு உன் மனைவிக்கு மட்டும்.

லாலாகுடாவில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் சைனிக்புரி. அதற்குப் போய் இன்லண்ட் லெட்டர் வாங்கியிருக்கிறாளே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போன் அடித்தால் எடுப்பதில்லை, தனியாக மெயில் போட்டால் பதில் இல்லை, மெயிலிங் லிஸ்ட்டில் எழுதினால் உலகத்தில் இருக்கிற லினக்ஸ்காரர்கள் எல்லாம் நம் சண்டையைப் படித்துக்கொண்டு டீ குடிக்கிறார்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். வேண்டுமென்றே பொடி எழுத்தில் எழுதுகிறேன். என் கோபம் முழுவதும் இந்த ஒரு தாளில் அடங்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நெட்வொர்க்கில் வரும் ஒவ்வொரு தகவல் பேக்கெட்டுக்கும் லினக்ஸின் கருவான கெர்னல் ஒரு விவரச் சீட்டு வைத்துக்கொள்கிறதே, அந்தச் சீட்டின் அமைப்பை நீ எழுதிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. முப்பத்தொரு கட்டங்கள். எல்லாவற்றுக்கும் மூன்றெழுத்துப் பெயர். எந்தக் கட்டம் எதற்கு என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதம் முழித்துவிட்டு ஓடிப்போகிறார்கள். நான் அதை நாலு சிறு சீட்டுகளாகப் பிரித்து, படித்தால் புரிகிற பெயர்கள் வைத்து, பதினான்கு பேட்ச் திருத்தங்களாக அனுப்பினேன். மூன்று மாத வேலை. நீ என்ன செய்தாய்? ‘நேக்’ என்று ஒற்றை வார்த்தை. ஏற்க முடியாதாம். என்ன காரணம் என்றால், வரிகள் எண்பது எழுத்தைத் தாண்டுகின்றனவாம்.

எண்பது! நூறு வரை போகலாம் என்று கெர்னல் மேலிடத்திலேயே சொல்லி ஐந்து வருடம் ஆகிறது. உன் வீட்டில் இருப்பது இருபத்தேழு அங்குலத் திரை. நானே உன்னோடு வந்து தேர்ந்தெடுத்தது. அதில் இருநூறு எழுத்து தாராளமாக நிற்கும். நம் பகுதிக்குப் புதிதாக வந்த ஆதர்ஷ் அனுப்பிய பேட்ச்சையும் இப்படித்தான் ஒன்பது முறை திருப்பி அனுப்பினாய், வரி நீளம், வரி நீளம் என்று. அவன் இப்போது கெர்னல் பக்கமே வருவதில்லை. உள்ளே இருப்பது சரியா தப்பா என்று நீ பார்ப்பதே இல்லை. அளவுகோலை எடுத்துக்கொண்டு ஓரத்தை அளக்கிறாய். கண்ணிருந்தும் குருடன் என்று உன்னைப் போன்றவர்களைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஒருவர் எழுதியதை மற்றவர் முழுதாகப் படித்து, ‘படித்துப் பார்த்தேன்’ என்று பெயர் கொடுத்தால்தான் நம் பகுதிக்குள் எதுவும் போகும். அந்த வழக்கத்தை வைத்தது நாம் இருவரும்தான். ஜனவரி இருபதுக்குள் உன் பெயரைக் கொடு, அல்லது உள்ளே இருக்கும் தப்பைக் காட்டு. இரண்டும் இல்லையென்றால் இந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர்களின் மெயின்டெய்னர் பட்டியலில் இருந்து என் பெயரை நானே எடுத்துவிடுவேன். பதினொரு வருடமாக உன் பெயருக்குக் கீழே இருக்கிற பெயர். சும்மா மிரட்டுகிறாள் என்று நினைக்காதே.

“சைனிக்புரி தம்பி ஏன் வரல? கிறிஸ்துமஸ் கேக் அப்படியே இருக்கே,” என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவன் நக்கோ, வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்றேன்.

ஷோபா

*

சைனிக்புரி
19 ஜனவரி 2025

ஷோபாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பொங்கல் விடுமுறையால் தாமதமாக வந்தது. விஜி நலம். உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

எண்பது எழுத்து என்பது பிடிவாதம் அல்ல. குறுகிய வரியில் தப்பு ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. ஒரே வரியில் மூன்று நிபந்தனைகளை அடுக்கினால், படிக்கிறவன் முதல் இரண்டைப் படித்துவிட்டு மூன்றாவதை நம்பிவிடுவான். பெயர்கள் சிறியதாக இருந்தால்தான் வரி சிறியதாக இருக்கும். இதை நாம் வேலையில் சேர்ந்த வருடத்திலிருந்து சொல்லி வருகிறேன். கேட்க ஆளில்லை.

ஆதர்ஷ் போனது எனக்கும் வருத்தம்தான். அதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை.

நீ மிரட்டவில்லை என்று எனக்குத் தெரியும். ஒரே நாளில் ஒரே அலுவலகத்தில் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நீ சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டதாக ஒன்றும் எனக்கு நினைவில்லை. இந்தப் பகுதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ள என்னால் முடியாது. ஆகவே இன்று மாலை உன்னுடைய பதினான்கு பேட்ச்களுக்கும் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். லிஸ்ட்டில் பார். குறை எதுவும் எழுதவில்லை. இனி யாரும் என்னை அளவுகோல் என்று சொல்ல வேண்டாம்.

அடுத்த முறை எழுதினால் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுது. மை ஊறிப்போகிறது.

சம்பந்தம்

*

லாலாகுடா
24 ஜனவரி 2025

அன்புள்ள சம்பந்தத்துக்கு,

இந்த முறை அன்பு உனக்கும் உண்டு.

லிஸ்ட்டைப் பார்த்ததும் முதலில் வேறு யாரோ உன் பெயரில் எழுதுகிறார்கள் என்று நினைத்தேன். பதினான்கிலும் ஒரு குறை கூட இல்லையா? உன்னிடமிருந்து குறைந்தது முப்பதாவது வரும் என்று எதிர்பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். பாதி பதில் நல்ல காரமாக இருந்தது, வீணாகிவிட்டது.

சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் பெட்டிகளின் பிரேக் பார்த்த காலத்தில், பார்த்து முடித்ததும் சாக்கட்டியால் தன் எண்ணைப் பெட்டியில் எழுதிவிடுவார். “தேவசகாயம் நம்பர் போட்டுட்டாரா, அப்போ விடு,” என்று வண்டியை அனுப்புவார்களாம். எனக்கு உன் பெயர் அப்படித்தான். நீ என்னைத் திட்டும் ஒவ்வொரு வரியையும், இவன் இங்கே வரை வந்து பார்த்திருக்கிறான் என்பதற்கு அத்தாட்சியாகவே எடுத்துக்கொள்வேன். இதை நேரில் சொல்லியிருந்தால் உனக்குத் தலைக்கனம் ஏறியிருக்கும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. படித்தாய் அல்லவா?

ஷோபா

*

லாலாகுடா
9 ஜூன் 2025

சம்பந்தம்,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

நேற்று முன்தினம் மதியம் இர்பான் என்று ஒருவர் போன் செய்தார். மருத்துவமனைகளுக்கு மானிட்டர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஜினியர். படுக்கைப் பக்கத்துக் கருவியிலிருந்து நாடித் துடிப்பும் ஆக்சிஜன் அளவும் நெட்வொர்க் வழியாக நர்ஸ் மேஜையில் இருக்கும் திரைக்குப் போகும். இங்கே நம் ஊரிலேயே ஒரு மருத்துவமனையில் ஆறு படுக்கைகளுக்கு மட்டும் சோதனையாகப் புதிய கணினிப் பெட்டி வைத்திருந்தார்கள். அதில் ஓடுவது புதிய கெர்னல். நம்முடைய பதினான்கு பேட்ச்களும் அதற்குள் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை காலை பத்தே காலுக்கு அந்தப் பெட்டியின் நெட்வொர்க் நின்றுவிட்டது. திரை அணைந்திருந்தால் யாராவது ஓடி வந்திருப்பார்கள். அணையவில்லை. கடைசியாக வந்த எண்கள் அப்படியே நின்றன. நாலாம் படுக்கைக்காரருக்கு ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. பத்தொன்பது நிமிடம் தொண்ணூற்றெட்டு. நோயாளிகள் தூங்க வேண்டும் என்று படுக்கைக் கருவியின் சத்தத்தை அணைத்து, மேஜையில் மட்டும் வைத்திருந்தார்களாம். நர்ஸ் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். அதே நேரத்தில் அந்த மனிதர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். தரை துடைக்க வந்த அம்மாள்தான் உதடு நீலமாக இருக்கிறதே என்று கத்தியிருக்கிறார்.

பிழைத்துக்கொண்டார். பிழைத்துக்கொண்டார் என்று எத்தனை முறை எழுதினாலும் போதவில்லை.

“கைக்கு ஹுவா மேடம் ஐசா?” என்று கேட்டார் இர்பான். ஏன் இப்படி ஆச்சு என்று. மாற்றங்களின் பட்டியலில் என் பெயரைப் பார்த்துவிட்டு அழைத்திருக்கிறார். அதட்டிக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையோடு கேட்டார்.

நேற்று ஆராதனைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து தேடினேன். கிடைத்துவிட்டது. ஒன்பதாவது பேட்ச். ஒரே பேக்கெட்டைக் கெர்னலுக்குள் இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால், இருவரும் முடித்த பிறகுதான் அதன் இடத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்த வரியில் மூன்று நிபந்தனைகள். மூன்றாவதை நான் தலைகீழாக எழுதியிருக்கிறேன். ஒருவர் இன்னும் கையில் வைத்திருக்கும்போதே பிடுங்கிக்கொள்கிறது. எல்லாப் பெட்டியிலும் நடக்காது. நடக்கிற இடத்தில் நெட்வொர்க் செத்துப்போகும்.

எழுதியவள் நான், மறுக்கவில்லை. ஆனால் நீ படித்தாயே? ஒரு இடைவெளி கூடினால் கண்டுபிடிக்கிறவன் நீ. இது எப்படி உன்னைத் தாண்டிப் போனது? ஜனவரியில் உன்னை ஒரு கேள்வி கேட்டேன். நீ இன்னும் பதில் எழுதவில்லை.

இருபதாம் தேதிக்குள் விளக்கம் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து மெயில் வந்திருக்கிறது. மெயின்டெய்னர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது. ஒரு உயிர் போக இருந்த இடத்தில் அதைப் பற்றிக் கவலையில்லை என்று எழுத ஆசை. பொய். கவலையாகத்தான் இருக்கிறது.

ஷோபா

*

சைனிக்புரி
12 ஜூன் 2025

ஷோபாவுக்கு,

உன் கடிதத்தை விஜி எனக்குப் படித்துக் காட்டினாள். ஜனவரியில் நீ எழுதிய இரண்டையும் அவள்தான் படித்துக் காட்டினாள். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது சுலபமாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

என் கண் போய்க்கொண்டிருக்கிறது. சர்க்கரை விழித்திரையைத் தொட்டு மூன்று வருடம் ஆகிறது. மாதம் ஒருமுறை கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். நடப்பதற்கும் சாப்பிடுவதற்கும் ஆளைப் பார்த்துச் சிரிப்பதற்கும் தடையில்லை. எழுத்துதான் கலங்குகிறது. அந்த இருபத்தேழு அங்குலத் திரையில் இருநூறு எழுத்து நிற்கும் என்று எழுதினாய். என் திரையில் எண்பதுதான் நிற்கிறது. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு.

எண்பது எழுத்து விதியை நான் நம்பியது உண்மை. கண் நன்றாக இருந்த நாளிலேயே நம்பினேன். பிறகு கண் கெட்டது. விதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது வசதியாக இருந்தது. ஆதர்ஷை ஒன்பது முறை திருப்பி அனுப்பியது கொள்கைக்காக அல்ல. எனக்குக் கண் தெரியவில்லை என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஜனவரி பதினெட்டாம் தேதி ஊசி போட்டுக்கொண்டேன். மறுநாள் உன் பேட்ச்களைத் திறந்தேன். முதல் ஐந்தைத் திரையை வலது பக்கம் நகர்த்தி நகர்த்திக் கடைசி எழுத்து வரை படித்தேன். கண்ணில் நீர் கொட்டியது. ஆறாவதிலிருந்து நகர்த்தவில்லை. வரி ஓரத்தைத் தாண்டிப் போனால் என் எடிட்டர் மென்பொருள் வலது விளிம்பில் ஒரு டாலர் குறி காட்டும். இன்னும் இருக்கிறது, வந்து பார் என்று அர்த்தம். ஒன்பதாவது பேட்ச்சில் அந்தக் குறியைப் பார்த்தேன். பார்த்தேன், ஷோபா. திரையில் தெரிந்த இரண்டு நிபந்தனைகளும் சரி. மூன்றாவதையும் சரியாகத்தான் எழுதியிருப்பாள் என்று விட்டுவிட்டேன். கொஞ்சம் வீம்பும் இருந்தது. எண்பதைத் தாண்டி எழுதியிருக்கிறாள், அதை நான் ஏன் துரத்திக்கொண்டு போய்ப் படிக்க வேண்டும் என்று.

மூன்றாவதை நம்பிவிடுவான் என்று அன்று உனக்கு உபதேசம் எழுதினேன். எழுதிய அன்றே நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

சொன்னால் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன். மூன்று வருடமாக ஒவ்வொரு நாளும் அந்தப் பயம்தான். அதற்காக நாலாம் படுக்கையில் ஒருவர் மூச்சுத் திணறுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ‘தொண்ணூற்றெட்டு’ என்று விஜி படித்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில்: படிக்கவில்லை.

சம்பந்தம்

*

லாலாகுடா
15 ஜூன் 2025

சம்பந்தம்,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே இரண்டு முறை படித்தேன். அடுப்பை அம்மாதான் ஓடி வந்து அணைத்தாள்.

உன்னைத் திட்ட வேண்டும், திட்டுகிறேன். மூன்று வருடமா மறைத்தாய்? மாதம் ஒருமுறை கண்ணில் ஊசி குத்திக்கொண்டு வந்து என்னோடு வரி நீளத்துக்குச் சண்டை போட்டாயா? இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன் வந்தபோது கேக் மேல் அம்மா பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். எலிசபெத்தில் பாதியைக் காணோம். நீ பார்த்துவிட்டு, “அழகா எழுதியிருக்காங்க,” என்றாய். இவன்கூட நாகரிகம் கற்றுக்கொண்டானே என்று மகிழ்ந்துபோனேன். மடச்சி நான்.

திட்டி முடிப்பதற்குள் வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது. கண்ணிருந்தும் குருடன் என்று உனக்கு எழுதினேனே. பொடி எழுத்தில் வேறு எழுதினேன். அதை விஜி எப்படி வாய் திறந்து படித்தாள்? நீ எப்படிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்? அதன் பிறகும் பதினான்குக்கும் பெயர் கொடுத்தாய். என்னை மன்னித்துவிடு. விஜி, இந்த வரியைக் கொஞ்சம் சத்தமாகப் படி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த வரியை எழுதியபோது எனக்கே ஒரு சின்ன சந்தேகம் இருந்தது. தப்பாக இருந்தால் சம்பந்தம் பிடித்துவிடுவான் என்று திரும்பப் பார்க்கவில்லை. நீ என்னை நம்பிப் படிக்காமல் விட்டாய். நான் உன்னை நம்பிப் பார்க்காமல் விட்டேன். நடுவில் மாட்டிக்கொண்டது நாலாம் படுக்கைக்காரர்.

நேற்று இர்பான் என்னை அவரிடம் அழைத்துப் போனார். போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். அந்தத் திரைக்குள் ஓடுவதை எழுதியவள் நான் என்று தெலுங்கில் திக்கித் திக்கிச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. திரை ரிப்பேருக்கு வந்தவள் என்று நினைத்துக்கொண்டு, “சரியாப் பண்ணிட்டுப் போம்மா, பக்கத்து பெட்ல இருக்கிறவனுக்கு மூணு பிள்ளைங்க,” என்றார். வராண்டாவுக்கு வந்து அழுதேன். இர்பான் பக்கத்தில் நின்றார்.

மேலிடத்துக்கு இன்று காலை எழுதிவிட்டேன். தப்பு என்னுடையது மட்டும், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று. உன் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ வாயைத் திறக்காதே. எனக்கு வேறு வேலை கிடைக்கும். உனக்கு இதை விட்டால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஷோபா

*

சைனிக்புரி
18 ஜூன் 2025

ஷோபாவுக்கு,

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. அதற்கு முன் விஜியைப் பற்றி.

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள். என்ன என்று கேட்டேன். “நக்கோங்க, அப்புறம் படிக்கிறேன்,” என்றாள். விடாமல் கேட்டேன். ஜனவரியில் நீ எழுதிய அந்த வரியை அவள் எனக்குப் படிக்கவே இல்லை. தாண்டிப் போயிருக்கிறாள். “ஷோபாக்கா தெரிஞ்சா எழுதினாங்க? அதக் கேட்டு நீங்க ராத்திரியெல்லாம் முழிச்சிக் கெடக்கணுமா?” என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதியை விடலாமா, உன்னை நம்பித்தானே உட்கார்ந்திருக்கிறேன் என்று. கத்தி முடித்ததும்தான் நான் யாரைத் திட்டுகிறேன் என்று உறைத்தது. அதை அவள் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

பிறகு உன் ஜனவரி கடிதத்தை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து நானே படித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த வரி அங்கேதான் இருக்கிறது. நீ நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை.

அன்று மாலையே லிஸ்ட்டில் எழுதினேன். நீ பார்த்திருப்பாய், இருந்தாலும் தமிழில் உனக்குச் சொல்கிறேன்: ஒன்பதாவது பேட்ச்சில் என் பெயர் இருக்கிறது. நான் அதை முழுதாகப் படிக்கவில்லை. என் கண் அவ்வளவு தூரம் போகாது. இதை மூன்று வருடமாக மறைத்தேன். ஷோபா எழுதியதில் ஒரு தப்பு இருந்தது, தப்பு எல்லோருக்கும் வரும். பார்த்துவிட்டேன் என்று பொய் சொன்னது நான். யாருடைய பெயரையாவது எடுக்க வேண்டும் என்றால் அது அவளுடையது அல்ல.

அதோடு இரண்டு பேட்ச்கள் அனுப்பினேன். முதலாவதில் அந்த மூன்று நிபந்தனைகளையும் மூன்று வரிகளாக உடைத்து, தலைகீழாக இருந்ததைத் திருப்பியிருக்கிறேன். நீ வைத்த நீளமான பெயர்களை மாற்றவில்லை. தப்பைக் கண்டுபிடிக்க உனக்கு ஒரு நாள்தான் ஆயிற்று. என் மூன்றெழுத்துப் பெயர்களாக இருந்திருந்தால் ஒரு மாதம் தேடியிருப்பாய். இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்று நினைத்திருப்பாய். ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது, மெயின்டெய்னர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கும் பேட்ச். வழக்கப்படி அதற்கு நீ படித்துப் பார்த்துப் பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்துவிடு.

சம்பந்தம்

*

லாலாகுடா
23 ஜூன் 2025

சம்பந்தம்,

பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.
இதற்கென்றே தடிப் பேனா வாங்கினேன்.
விஜி, நீ கொஞ்சம் தள்ளிப் போ.
இதை அவனே படிக்கட்டும்.

மேலிடத்துப் பதில் வந்தது.
என் பெயர் அப்படியே இருக்கிறது.
என் பதினான்கு பேட்ச்களையும்
கெர்னலிலிருந்து நீக்கிவிட்டார்கள்.
அழுதேன். பிறகு மறுபடி
எழுத உட்கார்ந்துவிட்டேன்.
இந்த முறை எண்பதுக்குள் எழுதுகிறேன்.
பெயர்கள் மட்டும் நீளமாகத்தான் இருக்கும்.
அதை விட்டுத் தர மாட்டேன்.

எண்கள் நின்றால் திரை
உடனே கறுப்பாகி அலறும்படி
இர்பான் மாற்றிவிட்டார்.
நம் பேட்ச் எதுவானாலும்
முதலில் அவர் மேஜையில் ஓடும்.
அவர் சரி என்ற பிறகுதான்
ஆஸ்பத்திரிக்குப் போகும்.

ஆதர்ஷ் எனக்கு எழுதியிருக்கிறான்.
“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா
ஒம்பது தடவ என்ன,
தொண்ணூறு தடவ வரிய மடிச்சு
அனுப்பியிருப்பேன் சார்,”
என்று உன்னிடம் சொல்லச் சொன்னான்.

அம்மா சர்க்கரை போடாத கேக் செய்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இனி உன் பெயரை நீக்கும் பேட்ச்.
அதைக் கடைசி எழுத்து வரை
இரண்டு முறை படித்தேன்.
விளக்கத்தில் மூன்றாவது வரி
எண்பத்து மூன்று எழுத்து.
கடைசி மூன்றும் உன் திரையில்
விழுந்திருக்காது.
விதி என்றால் எல்லோருக்கும் விதிதான்.

நேக்.

ஷோபா

*

சைனிக்புரி
27 ஜூன் 2025

ஷோபாவுக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். விஜி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டு, “ஹவ், சரி, அப்புறம்? அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசி வார்த்தைக்கு வந்ததும் தாளை அவள் பக்கம் திருப்பிவிட்டேன். அவளே எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த மூன்றாவது வரியை எண்ணிப் பார்த்தேன். எண்பத்து மூன்றுதான். உன் நிராகரிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. திருத்தி மறுபடி அனுப்பும் எண்ணமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் ஆராதனை முடிந்ததும் நாங்கள் இருவரும் வருகிறோம். உன் புதிய பேட்ச்களை அதற்குள் அனுப்பிவிடு. டாலர் குறி ஒன்றையும் விட மாட்டேன்.

உன் கடிதத்தில் கேக் பற்றிய வரி மிக நீளம். தாளின் ஓரத்தில் இடம் போதாமல் மேலே ஏறியிருக்கிறது. அடுத்த முறை மடித்து எழுது.

சம்பந்தம்